பினாங்குக் கடிதங்களும் ஒரு கிரையப் பத்திரமும்: மேலூர்ப் பக்கம் போய் வந்த கதை

எங்கள் குடும்பத்து நஞ்சையை வாங்கியவர் தாத்தா என்றுதான் இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறார்கள். அது உண்மையில்லை. வாங்கியவர், மலேயாவுக்குப் போய்த் திரும்பாத அவருடைய அண்ணன். அதற்கான கிரையப் பத்திர நகல் இதோ என் மேசைமேல் இருக்கிறது.

அப்பத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்த, அந்த அண்ணன் பினாங்கிலிருந்து எழுதிய கடிதங்களில் தேதி எல்லாம் தமிழ் வருஷக் கணக்கில்தான் இருந்தது. 'வெகுதானிய வருஷம் தை மாதம்' என்றால், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் பெயராயிற்றே, 1879-ஆ, 1939-ஆ? உறையிலிருந்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு அடங்கிய அன்றைய ஆங்கிலேயக் குடியேற்றப் பகுதி) தபால்தலையில், 1936-இல் பட்டத்துக்கு வந்த ஆறாம் ஜார்ஜின் முகம் இருந்ததால், 1939 என்று உறுதியாயிற்று. இந்தக் கணக்கை முடிக்காமல் பதிவு அலுவலகப் படியேறுவது வீண் செலவு என்பேன். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், சேர்த்த பணத்தை அனுப்பியிருப்பதாகவும், 'பெரியாத்துத் தண்ணி பாயுற நிலமாப் பாத்து எம்பேருல முடிக்கவும்' என்றும், பழுப்பேறிய தாளில் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறார். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் பயன்பாட்டுக்கு வந்து, கால்வாய்த் தண்ணீர் மேலூர் வரை எட்டிய பிறகு, அந்த மண்ணுக்கு இருந்த மதிப்பைக் கடல் கடந்தும் அவர் மறக்கவில்லை.

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வரை பேருந்துக் கட்டணம் ஒன்றும் பெரிதில்லை. அங்கிருந்து கிராமத்துக்கு நானூறு ரூபாய் பேசிக்கொண்டு கிளம்பிய ஆட்டோக்காரர், பாதி வழியில் வண்டியை நிறுத்தி, ரோடு சரியில்லை என்று மேலும் நூறு கேட்டார். சாலை நன்றாகத்தான் இருந்தது. வெயிலில் நடக்க முடியாத இடத்தில் நிறுத்திக் கேட்பது பகல் கொள்ளை. ஊருக்கு மினி பஸ் வருகிறது. போகிறவர்கள் காத்திருந்து அதிலேயே போங்கள்.

பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த இடைத்தரகர் நகல் எடுத்துத் தர மூவாயிரம் கேட்டார். உள்ளே நேராக மனு எழுதிக் கொடுத்தால் அதில் சிறு பகுதிதான் செலவாகும். பெயர் அட்டவணையைத் தேடுகிறோம் என்று மணிக்கணக்கில் உட்கார வைத்தது எரிச்சலூட்டியது என்றாலும், நகல் வந்தபோது அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. கிரையம் பெறுபவர் என்ற இடத்தில் பெரிய தாத்தாவின் பெயர், அடுத்து 'தற்சமயம் பினாங்கு'. என் தாத்தாவின் பெயர் சாட்சிகளில் இரண்டாவதாக மட்டுமே இருந்தது.

அத்தை வைத்திருந்த மொச்சைக்கொட்டை கருவாட்டுக் குழம்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. மண்சட்டியில் சுண்டி, எண்ணெய் மிதந்து, புளிப்பும் காரமும் சரிக்குச் சரியாக நின்ற அந்தக் குழம்பு, மதுரையில் நான் காசு கொடுத்துச் சாப்பிட்ட எதையும் விட உயர்ந்தது. இரண்டாம் முறை சோறு போட்டபடியே அத்தை சொன்னார்: "எங்க அய்யா அவரு பேரைச் சொல்லவே விடமாட்டாருப்பா. பெரியய்யா திரும்பி வந்தா நெலத்தைக் குடுக்கணும்ல?"

கடைசிக் கடிதம் விஷு வருஷம் கார்த்திகையில் எழுதியது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் மலேயாவின் கோத்தபாருவில் கரையிறங்கினார்கள். பிறகு, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதை போட, தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அங்கே மாண்ட போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. மாண்ட தமிழ்க் கூலிகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. பெரிய தாத்தா அந்தப் பாதைக்குப் போனாரா, தோட்டத்திலேயே முடிந்தாரா என்பதை நான் தேடியே தீர வேண்டும். அவர் பணத்தில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

பினாங்கு போய் வரும் செலவு இப்போதைக்குக் கட்டாது. பங்காளி வீட்டுப் பரணில் இன்னொரு கடிதக் கட்டு இருப்பதாக அத்தை சொன்னார். அறுவடை வேலை முடிந்து அவர்கள் வீட்டில் ஆள் இருக்கும் சமயம் பார்த்து, மினி பஸ்ஸிலேயே மறுபடி போகிறேன்.