பட்டியலில் அம்மாவுக்கு வயது 84

வீட்டில் 85 வயதைத் தாண்டிய பெரியவர் இருக்கிறாரா? முதலில் வாக்காளர் பட்டியலை எடுத்து, அவர் பெயருக்கு நேரே என்ன வயது அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ஆதாரில் இருக்கும் வயதை விடுங்கள், ஓய்வூதியப் புத்தகத்தில் இருப்பதையும் விடுங்கள். வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதிக்குப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. நான் அதைப் பார்க்காமல் இருந்துவிட்டு, 2024 மக்களவைத் தேர்தலின்போது நான்கு நாள் அலைந்தேன். கேட்டது கிடைக்கவும் இல்லை.

எங்களுக்கு மதுரை. அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. வாக்குச்சீட்டும் இரும்புப் பெட்டியுமாக இருந்த காலத்தில் தேர்தல் பணிக்குப் போய், விடிய விடிய உட்கார்ந்து கணக்கு ஒப்படைத்துவிட்டு வந்தவர். தம் வாக்கை ஒருபோதும் விட்டதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்றபோது, அதற்கான விண்ணப்பமான படிவம் 12டி கொடுத்தோம். வீடியோ எடுப்பவரோடு ஒரு குழு வந்தது. அம்மா மறைவில் உட்கார்ந்து குறியிட்டு, உறையை ஒட்டிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

இந்த முறையும் அப்படியே நடக்கும் என்று நம்பியதுதான் தவறு. 2024 மார்ச் தொடக்கத்தில் அந்த வரம்பை 85 ஆக உயர்த்திவிட்டார்கள். செய்தியைப் படித்தேன், ஆனால் கவலைப்படவில்லை. அம்மா பிறந்தது 1936 நவம்பரில். 87 வயதுக்காரருக்கு என்ன தடை வந்துவிடப் போகிறது?

மார்ச் 16 அன்று தேர்தல் தேதி அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, மார்ச் 20 அறிவிக்கை வெளியாகி வேட்புமனுத் தொடக்கம். அந்த அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் 12டி போய்ச் சேர வேண்டும். அதாவது மார்ச் 25. நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு.

85 வயதுக்காரர்களின் வீடு தேடி வாக்குச்சாவடி நிலை அலுவலரே படிவம் கொண்டுவருவார். எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவர் அங்கன்வாடிப் பணியாளர், நல்ல பெண். தொலைபேசியில் அழைத்தேன். “அக்கா, எனக்குக் கொடுத்த பட்டியலில் உங்கள் அம்மா பெயர் இல்லையே” என்றார். ஏன் இல்லை என்பது அவருக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்கச் சொன்னார்.

புதன்கிழமை போனேன். படிவம் இன்னும் வரவில்லை என்றார்கள். வியாழக்கிழமை போனேன். அதைப் பார்ப்பவர் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறார், நாளை வாருங்கள் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஒருவழியாகப் பூர்த்தி செய்த படிவத்தையும் ஆதார் நகலையும் வாங்கிய எழுத்தர், கணினியில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், கதவு எண், வயது 84.

தொண்ணூறுகளில் புகைப்பட அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியபோது வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் குத்துமதிப்பாகப் போட்ட வயது அது. மூன்று வருடம் குறைவு. அதுவே ஆண்டுக்கு ஒன்றாகக் கூடிக்கூடி 84-இல் வந்து நிற்கிறது. 2021-இல் பட்டியல்படி 81 இருந்ததால்தான் அன்று ஒன்றும் தெரியவில்லை.

ஆதாரைக் காட்டினேன். “பட்டியலில் இருப்பதுதான் வயது, மேடம். நாங்கள் மாற்ற முடியாது” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விதி அதுதான் என்றால் சரி. ஆனால் புதன்கிழமையே அந்த எண்ணைத் தட்டிப் பார்க்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அன்றே சொல்லியிருந்தால் அன்றே திருத்தத்துக்குக் கொடுத்திருப்பேன். அவர் தலைக்கு மேலே நூறு சதவீத வாக்குப்பதிவு என்று பெரிய பதாகை தொங்கியது. அதன் கீழே நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது.

அன்றிரவே கைப்பேசிச் செயலியில் படிவம் 8 நிரப்பினேன். பிறந்த தேதித் திருத்தத்துக்குச் சான்றாக அம்மாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வைத்தேன். 1953-ஆம் ஆண்டுப் புத்தகம். அட்டை உதிர்ந்துவிட்டது, பிறந்த தேதி மட்டும் நீல மையில் பளிச்சென்று இருக்கிறது.

திங்கட்கிழமை, கடைசி நாள். இந்த முறை எழுத்தரிடம் போகவில்லை. உதவி அலுவலரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அவர் உட்காரச் சொல்லி முழுவதும் கேட்டார். திருத்த மனுவை ஏழு நாள் அறிவிப்பில் வைத்த பிறகுதான் உத்தரவு போட முடியும், அதற்குள் 12டி தேதி முடிந்துவிடும் என்று நாட்களை எண்ணிக் காட்டினார். மாற்றுத்திறனாளிக்கான வழியும் இருக்கிறது. அதற்கு 40 சதவீத ஊனத்துக்கான சான்றிதழ் வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, நடுப்பார்வை மங்கிவிட்டது. ஆனால் சான்றிதழ் வாங்கி வைக்கவில்லை. ஒரு நாளில் அது கிடைக்காது.

ஆனால் மனிதர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு அழைத்துச் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே பதிவு செய்யச் சொன்னார். பார்வைக் குறைவு உள்ளவர், வயது வந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வாக்களிக்கும் இடம் வரை போகலாம் என்றும் சொன்னார். முதல் நாள் இதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பக்கத்துத் தெருப் பெரியவர் கதையையும் சொல்ல வேண்டும். அவருடைய 12டி ஏற்கப்பட்டது. குழு வந்த நாளில் அவர் தம் மகளின் வீட்டுக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை வந்தபோதும் இல்லை. ஏப்ரல் 19 அன்று வாக்குச்சாவடிக்குப் போனார். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தபால் வாக்கு என்று குறித்திருந்தார்கள், திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். 12டி கொடுத்தால் அந்த நாட்களில் வீட்டைவிட்டு நகராதீர்கள்.

வாக்குப்பதிவு அன்று வெயிலுக்கு முன் போய்விட வேண்டும் என்று ஏழரைக்கே ஆட்டோ எடுத்தோம். பள்ளி வாசலில் சக்கர நாற்காலி இருந்தது, தள்ள ஒரு கல்லூரி மாணவரும் இருந்தார். சாய்தளம்தான் மோசம். அதன் கீழ் விளிம்பு தரையைத் தொடாமல் அரையடி உயரத்தில் நின்றது. நாற்காலியின் முன்சக்கரம் இடித்து நின்றுவிட்டது. மாணவரும் ஒரு காவலருமாக அம்மாவை நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள். அம்மா இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். முந்தின நாளே ஒருவர் அந்த நாற்காலியைத் தள்ளிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

வரிசையில் நிற்கவிடாமல் நேரே உள்ளே அனுப்பினார்கள். அம்மாவுக்குத் துணையாக வந்திருக்கிறேன் என்று நான் சொன்னதும் முதல் அலுவலர் தயங்கினார். தலைமை அலுவலர் எழுந்து வந்து, அம்மாவுக்குப் பார்வை எப்படி என்று இரண்டு கேள்வி கேட்டார். பிறகு உறுதிமொழிப் படிவத்தை நீட்டினார். அன்று வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை, இந்த வாக்கின் ரகசியத்தைக் காப்பேன் என்று கையெழுத்திட்டேன். அம்மாவுக்கு இடது ஆள்காட்டி விரலில் மை. துணை வந்ததற்காக எனக்கு வலது ஆள்காட்டி விரலில் மை. பிறகு என் வாக்குக்காக இடது விரலிலும். இரண்டு கையிலும் மையோடு அன்றுதான் வீடு திரும்பினேன்.

மறைவுக்குள் அம்மா காதோடு சொன்னார். விரலைப் பிடித்துப் பொத்தான் மீது வைத்தேன்; அழுத்தியது அவரேதான். ‘பீப்’ சத்தம் கேட்டதும், “சீட்டு விழுந்ததா?” என்று கேட்டார். கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்த அந்தச் சீட்டைப் பார்த்திருந்தேன்; விழுந்துவிட்டது என்றேன். பணிக்காலத்து ஆசிரியை அப்போதுதான் தலையசைத்தார்.

அந்தத் தேர்தலில் மதுரைத் தொகுதி 62 சதவீதத்தோடு நின்றுவிட்டது. தர்மபுரி 81-ஐத் தாண்டியது. வராதவர்களை எல்லாம் அக்கறையற்றவர்கள் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சாய்தளத்தின் கீழே எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ.

படிவம் 8 தேர்தல் முடிந்த பிறகு ஏற்கப்பட்டது. சரிபார்க்க வந்த அங்கன்வாடிப் பெண் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தொடவே பயந்தார், அவ்வளவு உதிர்ந்திருந்தது. நீங்கள் தேர்தல் அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். சாதாரண நாளில் கொடுத்தால் இது ஒரு மாத வேலை. பார்வையோ நடையோ குறைந்தவர்களுக்கு ஊனச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். 2025 ஜனவரிப் பட்டியலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து அம்மாவின் கோப்பில் வைத்திருக்கிறேன். வயது 88 என்று இருக்கிறது.