உக்ரைனுக்குப் போய்ச் சேர்ந்த மின்மாற்றிகள்

2022 அக்டோபர் 10 அன்று உக்ரைனின் மின் நிலையங்கள் மீதும் துணைமின் நிலையங்கள் மீதும் ரஷ்யா தொடர் ஏவுகணைத் தாக்குதலைத் தொடங்கிய நாள் முதல், எந்த நாடு எவ்வளவு நிதி அறிவித்தது என்பதைவிட, அந்த நிதி என்ன பொருளாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பதையே நான் கவனித்து வருகிறேன்.

பணம் இருந்தால் மட்டும் போதாது என்பதை முதலில் உணர்த்தியவை மின்மாற்றிகள்தான். சோவியத் காலத்தில் அமைந்த உக்ரைனின் முதன்மை மின்தடங்கள் 750, 330 கிலோவோல்ட் அழுத்தத்தில் இயங்குபவை; மேற்கு ஐரோப்பாவிலோ 400, 220 கிலோவோல்ட்தான் வழக்கம். ஆகவே ஜெர்மனியின் கிடங்கில் உபரியாக நிற்கும் மின்மாற்றியை அப்படியே கொண்டுவந்து பொருத்திவிட முடியாது. புதிதாகச் செய்வதற்கு மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கும் மேல் ஆகும். செய்து முடித்தாலும், நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தனி வேலை. ஒரு காலத்தில் அதே சோவியத் கட்டமைப்பில் இருந்ததால் 330 கிலோவோல்ட் தடங்களைக் கொண்ட லிதுவேனியா தன் மின்மாற்றியைக் கொடுத்தது. ஜப்பான் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாகப் பெரிய மின்மாற்றிகளை அனுப்பியது. இவற்றைத்தான் நான் உண்மையான உதவி என்பேன். அஞ்சலகங்களில் பழைய குண்டு பல்புகளை வாங்கிக்கொண்டு எல்இடி பல்புகளைக் கொடுத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடும், மின்தேவையைக் குறைத்த நல்ல முயற்சியே.

அதிகம் பேசப்படாத உதவி ஒன்று உண்டு. ரஷ்ய மின் கட்டமைப்பிலிருந்து பிரிந்து தனித்து இயங்கும் மூன்று நாள் சோதனையை உக்ரைன் 2022 பிப்ரவரி 24 அன்று, படையெடுப்புக்குச் சில மணி நேரம் முன்புதான் தொடங்கியிருந்தது. மீண்டும் ரஷ்யாவோடு இணைய வழியில்லாத நிலையில், 2023இல் நடக்க வேண்டிய ஐரோப்பிய மின் கட்டமைப்புடனான இணைப்பை 2022 மார்ச் 16 அன்றே ஐரோப்பியப் பொறியாளர்கள் சாத்தியமாக்கினார்கள். பின்னாளில் மின் நிலையங்கள் விழுந்தபோது, அந்த இணைப்பின் வழியாகத்தான் அண்டை நாடுகளிலிருந்து மின்சாரம் வந்தது.

ஆனால் பழுதுபார்க்க உதவிவிட்டு, வான் பாதுகாப்பைத் தாமதப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஏப்ரல் 11 அன்று, கீவ் வட்டாரத்தின் மிகப் பெரிய மின் நிலையமான த்ரிபில்ஸ்கா அழிந்தது. வந்த 11 ஏவுகணைகளில் ஏழை வீழ்த்தியதாகவும், அதற்குமேல் சுடத் தங்களிடம் ஏவுகணை இல்லாமல் போனதாகவும் ஜெலென்ஸ்கி கூறினார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த உதவி மசோதாவில் பைடன் கையெழுத்திட்டது ஏப்ரல் 24 அன்று. த்ரிபில்ஸ்கா எரிந்து 13 நாட்கள் கழித்து.