மெமரி க்ளீனரை அமுக்கினால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பாவின் கொலுசுப் பட்டறையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு 4 ஜிபி ராம் (ஓடும் புரோகிராம்கள் தங்கும் மெமரி), விண்டோஸ் 10, பழைய ஹார்ட் டிஸ்க். யாரோ சொன்னதைக் கேட்டு ராமைக் காலி செய்து தரும் என்று ஒரு மெமரி க்ளீனரை ஏற்றி வைத்திருக்கிறார். "பாரு கண்ணு, அமுக்குனா 80 சதவீதம் 45க்கு வந்துருது" என்பார். வருவது உண்மைதான். வேகமாகிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன்.

டாஸ்க் மேனேஜரும் ராம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் காட்டும், அதனால் விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தேன். மெமரி பகுதியில் கீழே ஒரு வண்ணப் பட்டை இருக்கிறது. பச்சை, புரோகிராம்கள் பிடித்திருப்பது. கரு நீலம், ஸ்டாண்ட்பை. முன்பு படித்த ஃபைல்களை விண்டோஸ் கையோடு வைத்திருக்கும் இடம். வெளிர் நீலம்தான் சும்மா கிடப்பது. மேலே 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்று ஒரு எண். ராமில் இல்லாததை டிஸ்க்கில் போய் எடுக்க வேண்டியிருந்தால் அது ஏறும்.

குரோம், எக்செல், பில்லிங் மூன்றையும் திறந்து மாறி மாறிப் போனேன். எண் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. க்ளீனரை அமுக்கியதும் பச்சை சுருங்கியது, கரு நீலம் காணாமல் போனது, மிச்சப் பட்டை முழுக்க வெளிர் நீலம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எக்செலைத் தொட்டேன். எண் நூற்றுக்கணக்கில் தாவியது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது, எக்செல் ஜன்னல் வெளுத்து நின்றுவிட்டது. பட்டறை மேசையில் இருக்கும் குறடு, கத்தரியை எல்லாம் பீரோவுக்குள் தள்ளிவிட்டு "மேசை காலி" என்பது போலத்தான் இது.

ஸ்டாண்ட்பை பிடித்திருக்கும் இடத்தை வேறு புரோகிராம் கேட்டால் விண்டோஸே அந்த நொடியில் கொடுத்துவிடும். அதைத் துடைப்பதில் லாபமே இல்லை. ஒரு புரோகிராம் மெமரியைத் தின்றுகொண்டே போனால் அதை மூடித் திறப்பதுதான் வழி. போதாததற்கு க்ளீனரும் ஓரத்தில் ஓடிக்கொண்டு தன் பங்குக்கு ராம் கேட்கிறது!

அதை நீக்கினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக ஓடுபவற்றில் (ஸ்டார்ட்அப்) தேவையில்லாததை நிறுத்தினேன். போர்டில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்ததால், ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் பழைய டிடிஆர்3 வகை 4 ஜிபி ராம் குச்சி வாங்கிப் போட்டேன். (அதற்கு அடுத்த வகையான டிடிஆர்4 இதில் உட்காராது, காடி இருக்கும் இடமே வேறு.) இப்போது மூன்றும் திறந்திருந்தாலும் திணறுவதில்லை.

அடுத்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி. தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்கிறார் சித்தப்பா.