பேரேட்டில் போட்டுப் பார்த்த குரூப் கணக்கு

பள்ளத்தூரில் இருந்து தினமும் காரைக்குடிக்குப் போய் வருகிறேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கிற இரண்டு கடைகளுக்கும் செக்காலைப் பக்கம் ஒரு இரும்புக் கடைக்கும் கணக்கு எழுதுவது என் வேலை. டேலியும் ஜிஎஸ்டியும் வந்த பிறகும் ஊரில் என்னைக் கணக்குப்பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமையால்தான், மகளைப் பிளஸ் ஒன்னில் எந்த குரூப்பில், அதாவது எந்தப் பாடத் தொகுதியில், சேர்ப்பது என்று போன வருஷம் மே மாதம் வீட்டில் சண்டை வந்தது.

2025 மே 16-ஆம் தேதி பத்தாம் வகுப்பு ரிசல்ட். மகள் எடுத்தது 421. தமிழ் 91, ஆங்கிலம் 84, கணக்கு 58, அறிவியல் 93, சமூக அறிவியல் 95. மற்ற நான்கையும் யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அந்த 58 மேல்தான். "கணக்குப்பிள்ளை மகளுக்குக் கணக்கு வரலையாக்கும்" என்று பஸ்ஸில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று சாயங்காலமே யோசனைகள் வந்து குவிந்துவிட்டன. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் போன் போட்டு, "கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேருங்க அத்தான், அப்பத்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைக்கும்" என்றார். இது ஊர் முழுக்க இருக்கிற தப்பெண்ணம். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் என்கிற தரவரிசை மார்க்கை 200-க்குப் போடுகிறார்கள்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்தாலும் உயிரியல் படித்தாலும் அந்த மார்க் அங்கே சேராது. மச்சானிடம் சொன்னேன். "அப்படியா?" என்றவர், உடனே நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியின் பேரைச் சொல்லி, பணத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனுஷன். எதற்கும் ஒரு தீர்வு கையில் வைத்திருப்பார்.

என் மனதில் இருந்தது காமர்ஸ். காரணம் சொல்ல வேண்டுமானால் 1995-க்குப் போக வேண்டும். நான் பத்தாம் வகுப்பில் சுமாரான மார்க் வாங்கினேன். பெரியப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கணக்கும் சயின்ஸும் சேர்ந்த முதல் குரூப்பில் உட்கார வைத்தார். அப்போது ஒரு பாடத்துக்கு 200, மொத்தம் 1200. இன்ஜினியரிங் போக நுழைவுத்தேர்வு வேறு எழுத வேண்டும். இயற்பியலில் 200-க்கு 112 வாங்கிவிட்டு எந்த நுழைவுத்தேர்வுக்குப் போவது? கடைசியில் பி.ஏ. பொருளாதாரம். கணக்கு எழுதக் கற்றுக்கொண்டது கல்லூரியில் இல்லை, ஒரு பழைய செட்டியார் வீட்டு முகப்பில். அங்கே இருந்த வயதான கணக்குப்பிள்ளை பேரேடு எழுதவும் ஐந்தொகை கட்டவும் சொல்லிக் கொடுத்தார். ஒரு பைசா இடித்தாலும் வீட்டுக்கு விட மாட்டார்.

கணக்கால் எழும்பிய ஊர் இது. அந்தக் காலத்தில் ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன செட்டிப்பிள்ளைகள் சின்ன வயதிலேயே பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள் என்று ஏறினார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் காமர்ஸ் என்றால் மார்க் குறைந்தவர்கள் போகிற குரூப் என்று இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பொறுக்காது. மகள் போய் அதில் முதலாவதாக வந்து காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. ஆசை என்னுடையது, படிக்கப் போகிறவள் அவள். அது அப்போது உறைக்கவில்லை.

சரி, வாயால் சண்டை போடாமல் எழுதியே பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. பழம்பொருள் கடையில் கட்டுக் கட்டாகப் பழைய பேரேடுகள் கிடக்கும். அதில் ஒன்றின் பின்பக்கம் எழுதாத தாள்கள் நிறைய இருந்தன. கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தேன். குரூப்புக்கு ஒரு பக்கம். இடது பக்கம் வரவு: அந்த குரூப் எடுத்தால் எதெல்லாம் திறக்கும். வலது பக்கம் பற்று: எதெல்லாம் அடைபடும்.

முதலில் காமர்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடு. வரவில் பி.காம்., சி.ஏ., ஐந்து வருஷச் சட்டப்படிப்பு, வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி என்று மளமளவென்று எழுதினேன். எழுதிவிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோதுதான் என் பக்கமே என்னைக் கவிழ்த்தது. சி.ஏ. ஃபவுண்டேஷனை எந்த குரூப் படித்தவர்களும் எழுதலாம். சட்டத்துக்கும் குரூப் தடையில்லை. அரசு சட்டக் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. வங்கித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் ஏதோ ஒரு டிகிரி போதும். சயின்ஸில் இருந்து இந்தப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். காமர்ஸில் இருந்து அந்தப் பக்கம் போகத்தான் வழி கிடையாது. நானே அப்படி வந்தவன்தானே! முப்பது வருஷமாக இது எனக்குத் தெரிந்த விஷயம், ஆனால் தாளில் பார்க்கும்வரை தெரியவில்லை.

அடுத்து கணக்கும் உயிரியலும் சேர்ந்த பயோ மேத்ஸ். பற்றுப் பக்கம் ஏறக்குறைய காலி. எல்லாரும் இதற்கு அடித்துக்கொள்வது இதனால்தான். ஆனால் 58 எடுத்தவள் இரண்டு வருஷம் கணக்கையும் தூக்கிச் சுமக்க வேண்டுமே.

இந்த இடத்தில் மகள் வந்து பேரேட்டை எட்டிப் பார்த்தாள். "ப்யூர் சயின்ஸ் பக்கத்தைக் காணோம்?" என்றாள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். எனக்கு அப்படி ஒன்று இருப்பது ஞாபகத்திலேயே இல்லை. "அது எதுக்குத்தா?" என்றேன்.

"மாட்டு டாக்டருக்கு."

அப்பத்தா பாக்கு இடிப்பதை நிறுத்தினார். எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு ஏழெட்டு ஆடுகள் உண்டு. முந்தின கார்த்திகையில் ஒரு ஆடு குட்டி போட முடியாமல் கிடந்தபோது கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா வந்து, கையை விட்டுக் குட்டியைத் திருப்பி எடுத்தார். டார்ச் பிடித்தது மகள். நான் வாசலுக்குப் போய்விட்டேன், எனக்கு அதெல்லாம் ஆகாது. அன்றைக்கே அவள் தீர்மானித்துவிட்டாள் போல. எங்களிடம் சொல்லத்தான் ஆறு மாதம் எடுத்துக்கொண்டாள்.

"பொம்பளைப் பிள்ளை சிராவயல் மஞ்சுவிரட்டில் போய் மாட்டைப் பிடிச்சுப் பார்க்கவா?" என்றார் அப்பத்தா. "மாட்டைப் பிடிக்கிறது இல்ல அப்பத்தா, சோதிக்கிறது" என்றாள்.

ப்யூர் சயின்ஸ் பக்கத்தை அவளே எழுதினாள். அந்தப் பிள்ளை எனக்குத் தெரியாமல் எவ்வளவு விசாரித்து வைத்திருக்கிறது! கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை வருஷம். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். கட்-ஆஃப் இங்கேயும் 200: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நான் அதற்கும் நீட் என்றே நினைத்திருந்தேன். அது கிடைக்காவிட்டால் வேளாண்மை. செட்டிநாட்டிலேயே வேளாண் கல்லூரி வந்துவிட்டது. அதுவும் இல்லையென்றால் மீன்வளம், நர்சிங், பி.ஃபார்ம். பற்றுப் பக்கத்தையும் மறைக்காமல் எழுதினாள்: பொறியியல், ஆர்க்கிடெக்சர், பி.எஸ்சி. கணிதம். கடைசி வரியாக, பால்வள பி.டெக்.கும் கிடையாது, அதற்குக் கணக்கு வேண்டும் என்று போட்டிருந்தாள். அந்த வரியைப் பார்த்ததும் எனக்குச் சமாதானமாகிவிட்டது. தனக்குப் பாதகமானதையும் ஏட்டில் ஏற்றுகிறவளுக்குக் கணக்கு வரவில்லை என்று யார் சொன்னது?

நாமக்கல் யோசனையும் அந்தப் பக்கத்தில்தான் அடிபட்டது. ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-ல் கொண்டுவந்தார்கள். 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று மற்றவற்றுக்கும் சட்டம் போட்டார்கள். அவள் ஆறில் இருந்து அரசுப் பள்ளிதான். இந்த இரண்டு வருஷத்துக்காகத் தனியார் பள்ளிக்குப் போனால் ஐந்து வருஷத் தகுதி வீண். கல்லூரி சேர்ந்த பிறகு புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வரக்கூடிய ஆயிரம் ரூபாயும் அரசுப் பள்ளிக் கணக்கில் வருவதுதான். மச்சானிடம் இதைச் சொன்னதும், "அட, நமக்கு யாரும் சொல்லலையே அத்தான்" என்றார். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை, யோசனைக்கு ஆள் உண்டு.

அப்புறம் இன்னொரு சிக்கல். அவள் படித்த பள்ளியில் ப்யூர் சயின்ஸ் இல்லை. எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது என்பது டி.சி. வாங்கப் போகும்வரை பலருக்குத் தெரிவதில்லை. ஒரு தலைமையாசிரியர் பயோ மேத்ஸிலேயே சேரச் சொன்னார், முடியாவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாமாம். எங்கே மாற்றுவது, அவர் பள்ளியில் மாற்ற வேறு குரூப்பே இல்லை. நான்கு நாள் டூவீலரில் அலைந்து, காரைக்குடியில் ஒரு அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது. இப்போது காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். அவள் முன்னால் தோழிகளோடு நிற்பாள், நான் பின்னால். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தது; பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இனி இல்லை என்றார்கள். வீட்டில் ஒரே குதியாட்டம். எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை, சந்தேகம்தான். 2017-18-ல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததே, பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பல பள்ளிகள் நேராகப் பிளஸ் டூ நடத்தினதால்தான். கட்-ஆஃப்புக்கு எடுப்பது பிளஸ் டூ மார்க் என்றாலும், பிளஸ் ஒன் அஸ்திவாரம் இல்லாமல் மேலே எதைக் கட்டுவது?

என் பேரேட்டில் நானும் எழுதாத, அவளும் எழுதாத ஒரு பற்று அப்புறம் வெளியே வந்தது. கணக்கு வேண்டாம் என்று ப்யூர் சயின்ஸ் போனவளை இயற்பியல் மடக்கிப் பிடித்துக்கொண்டது. பிளஸ் ஒன் இயற்பியல் இரண்டாம் பாடமே இயக்கவியல். திறந்தால் வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம். பயோ மேத்ஸ் பிள்ளைகளுக்கு அதையே கணக்கு வாத்தியாரும் தனியாக நடத்துவார். இவர்களுக்கு இயற்பியல் டீச்சர் ஒரு வாரத்தில் சொல்லிவிட்டுப் போவதோடு சரி. அரையாண்டில் 70-க்கு 33. கட்-ஆஃப்பில் அந்த இயற்பியல் 50. உயிரியல் எவ்வளவு வந்தாலும் இங்கே ஓட்டை விழுந்தால் இறங்கிவிடும். ப்யூர் சயின்ஸ் எடுக்க நினைக்கிறவர்கள் மே மாத லீவிலேயே யாரிடமாவது இந்த நுண்கணிதத்தைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது ராத்திரி எட்டரைக்கு மேல் அவளும் நானும் ஒரே மேஜையில் உட்காருகிறோம். பழைய பாடப்புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, பெரியப்பா உட்கார வைத்த அந்த முதல் குரூப் கணக்கை முதலில் இருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். வகையீடு எனக்கே இப்போதுதான் பிடிபடுகிறது. நேற்று 19-ஆம் தேதி. விடிந்தால் மூன்று கடைக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள். நான் லேப்டாப்பைத் திறந்ததும் அவள் நோட்டைத் தள்ளினாள்.

"முதல்ல இந்த ஒரு கணக்கு. அப்புறம் உங்க கடை."

கொல்லையில் ஆடு கத்தியது. அப்பத்தா உள்ளே இருந்து, "டாக்டரே, அதுக்கு என்னன்னு பாரு" என்றார். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தக் கணக்கை இரண்டு தரம் போட்டேன், இரண்டு தரமும் வேறு வேறு விடை வந்தது.