மைக்குக்குப் பயந்து தோற்ற பொண்ணு

என் அப்பா ஒரு கேடி. இப்படி எழுதினால் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் ஒட்டியிருக்கும் ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது 'தகப்பனார் தொழில்' என்ற இடத்துக்கு அப்பா இதே வார்த்தையைச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம், அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கோல்ஃப் ஆடுகிறவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, எந்தக் குச்சி எடுக்கலாம், பந்து எந்தப் பக்கம் உருளும் என்று சொல்கிறவருக்கும் கேடி என்றுதான் பெயர். கொடைக்கானலில் தூண் பாறை போகிற வழியில் கிரீன் வேலி வியூ பார்க்க வண்டிகள் வரிசையாக நிற்குமே, அதை ஒட்டி இருக்கிற மைதானம், 1895ல் தொடங்கியது, அதுதான் அப்பாவுக்கு முப்பது வருஷமாக ஆபீஸ். காட்டுமாடு குறுக்கே வந்தால் ஆட்டம் நிற்கும். மூடுபனி இறங்கினால் பந்து போன திசையைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் அந்தப் புல்லில் ஆடியதே இல்லை. ஓரத்துப் புதரில் பந்து பொறுக்கி விற்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

2003ல் யாரோ ஒரு சென்னைக்காரர் விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகையை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார், 'படிச்சுப் பழகு பாப்பா' என்று. அதில்தான் ஸ்வீடன் நாட்டு கோல்ஃப் ஆட்டக்காரி அன்னிகா சோரன்ஸ்டாம் எனக்கு அறிமுகம். அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. அப்புறம் தேடித் தேடிப் படித்ததில் ஒரு விஷயம் மட்டும் இன்று வரை என்னை விடவில்லை.

ஸ்டாக்ஹோம் பக்கத்தில் ப்ரூ என்ற சின்ன ஊர். 1970ல் பிறந்த இந்தப் பொண்ணு முதலில் டென்னிஸ், பனிச்சறுக்கு என்று சுற்றிவிட்டுப் பன்னிரண்டு வயதில்தான் கோல்ஃப் குச்சியைக் கையில் எடுத்தது. நன்றாக ஆடும். ஆனால் ஜெயித்தால் மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஒரு வழக்கம். பேச்சுக்குப் பயந்து, கடைசிக் குழிகளில் ஒன்றிரண்டு தட்டில் உள்ளே போகிற பந்தை வேண்டுமென்றே மூன்று தட்டு தட்டி, இரண்டாவது இடத்துக்கு வந்துவிடுமாம்!

இதைப் படித்தபோது எனக்குக் கை சில்லிட்டது, மிகையில்லை. எங்கள் பள்ளியில் கணக்கில் முதலாவதாக வருகிறவர் ஆண்டுவிழாவில் மைக்கில் பேச வேண்டும். ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சையில், விடை சரியாக வந்த இரண்டு கணக்குகளை நானே குறுக்கே அடித்துவிட்டு வந்தேன். கேடி மகள் பேசுகிறாள் என்று பின் வரிசையில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். என் கதையில் அதை யாரும் கவனிக்கவில்லை. அன்னிகாவின் பயிற்சியாளர்கள் கவனித்துவிட்டார்கள். திட்டவில்லை, புத்திமதி சொல்லவில்லை. அடுத்த போட்டியில் முதல் இடம், இரண்டாம் இடம் இரண்டு பேரும் பேச வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். எப்படியும் பேசித்தான் ஆகவேண்டும் என்றால் ஜெயித்துவிட்டே பேசலாமே என்று பொண்ணு முடிவு பண்ணிவிட்டது. இதைவிடச் சாமர்த்தியமான வாத்தியார் வேலையை நான் கேள்விப்பட்டதில்லை.

அப்பாவுக்குப் பிடித்தது வேறு. அன்னிகாவுக்கும் தங்கை சார்லோட்டாவுக்கும் சேர்த்து முதலில் வீட்டில் இருந்தது ஒரே செட் குச்சி. குச்சிகளுக்கு நம்பர் உண்டு, நம்பர் கூடக்கூடப் பந்து போகிற தூரம் குறையும். ஒற்றைப்படை நம்பரெல்லாம் அக்காவுக்கு, இரட்டைப்படை தங்கைக்கு. இதை வாசித்துக் காட்டியதும் அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப எட்டாம் நம்பர் எடுக்கிற இடத்துல ஏழாம் நம்பரை மெதுவா அடிச்சுப் பழகியிருக்கும். செட்டு முழுசா இருக்கவனுக்கு அது வராது."

அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் படிப்பு, 1991ல் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம், 1992ல் தொழில்முறை ஆட்டம். பெரிய அமெரிக்கப் பந்தயத்தில் முதல் வெற்றி 1995ல்தான், அதுவும் பெண்களுக்கான யூ.எஸ். ஓப்பன். கொலராடோவில் பிராட்மூர் என்ற இடம், ஆறாயிரம் அடி உயரத்துக்கு மேலே. இங்கேதான் நாங்கள் உள்ளே வருகிறோம். மலையில் காற்று லேசு. சமவெளியில் நூற்றைம்பது கெஜம் போகிற அடி எங்கள் கொடைக்கானலில் பத்து கெஜமாவது கூடப் போகும். மதுரையிலிருந்து வருகிற முதலாளிகள் கேடி பேச்சைக் கேட்காமல் வழக்கமான குச்சியை எடுத்து, பந்தைக் குழியைத் தாண்டிப் பள்ளத்துக்கு அனுப்புவார்கள். புல்தரையும் கண்ணை ஏமாற்றும். மேடு மாதிரித் தெரிகிற பக்கம் பந்து இறங்கும், ஏனென்றால் மலை முழுதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பிராட்மூரும் இதற்குப் பேர்போனது, மலையை விட்டு விலகித்தான் பந்து ஓடும் என்பார்கள். கோல்ஃபில் குறைந்த அடியில் முடிக்கிறவருக்குத்தான் வெற்றி. அப்படிப்பட்ட தரையில், கடைசி நாள் தொடங்கும்போது முன்னணியில் இருந்த மெக் மல்லன் என்ற ஆட்டக்காரியைவிட ஐந்து அடி பின்தங்கி இருந்த அன்னிகா, அன்றைக்கு 68 அடியில் முடித்து ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வருஷமும் அதே பட்டம்.

சாதனைப் பட்டியல் எல்லோரும் போடுவதுதான்: எல்.பி.ஜி.ஏ. என்ற பெண்களுக்கான அமெரிக்கத் தொழில்முறைப் பந்தயங்களில் 72 வெற்றி, அதில் பத்து மேஜர் எனப்படும் பெரிய பட்டங்கள். 2001 மார்ச் 16, ஃபீனிக்ஸில் ஒரே சுற்றில் 59. பதினெட்டுக் குழிக்கு 72 அடிகள் கணக்கு வைத்த மைதானம் அது, முதல் எட்டுக் குழியிலும் தலா ஒரு அடி மிச்சம். 2002ல் 23 பந்தயத்தில் 11 வெற்றி. சரி, போதும்.

எனக்கு முக்கியம் அந்தப் பத்திரிகையில் வந்த 2003 மே மாதம்தான். டெக்சஸில் கொலோனியல் பந்தயம், ஆண்களுக்கானது. 1945க்குப் பிறகு அதுவரை ஒரு பெண் அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறைப் பந்தயங்களில் ஆடியதே இல்லை. சில ஆண் ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே முகம் சுளித்தார்கள். முதல் அடி அடித்துப் பந்து நேராகப் போனதும், அன்னிகா கால் துவண்டு விழப்போகிறவர் மாதிரி ஒரு தள்ளாட்டம் போட்டுக் காட்டினார். பயத்தை ஒளிக்காமல் விளையாட்டாகக் காட்டியது எனக்கு ரொம்பப் பிடித்தது. 71, அடுத்த நாள் 74. அடுத்த சுற்றுகளுக்குப் போகிற தகுதியை நான்கு அடியில் தவறவிட்டு வெளியே. தோல்விதான், அதைச் சுற்றி மெழுகத் தேவையில்லை. ஆனால் மேடைக்குப் பயந்து மூன்று தட்டு தட்டிய அதே பொண்ணு, உலகத்துக் கேமரா மொத்தமும் திரும்பியிருந்த இடத்தில் தானாகப் போய் நின்றது.

நானா? பத்தாம் வகுப்பில் பேசினேன். நாலு வரி, இரண்டு இடத்தில் தொண்டை அடைத்தது. அப்பா வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு வரவில்லை.

2008ல் ஓய்வு பெற்றுவிட்டார் அன்னிகா. குழந்தைகள் ஆகி, பதின்மூன்று வருஷம் கழித்து, 2021ல் ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களுக்கான யூ.எஸ். ஓப்பனில் ஆடி எட்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த முறை பை தூக்கியவர் அவருடைய கணவர் மைக். இதை போன வாரம் அப்பாவிடம் சொன்னேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "புருஷன்னா கூலி உண்டா, இல்ல சும்மாவா?" என்றார்.