வார்டு நோட்டு: கோத்தகிரி, 2022

ஜனவரி 19, புதன்

காலையில் பிக்கப்பில் தேயிலை ஏற்றப் போகும் முன்பே போன் வந்துவிட்டது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு. கட்சியின் பேரூர் செயலாளர் இரண்டே வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு வருத்தம் இருந்தது, அதை மறைத்து எழுத மனமில்லை. 2011ல் இந்த வார்டில் கட்சிக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தவன் நான். அந்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தனி அலுவலர்தான். குழாய் உடைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஜனங்கள் கையைக் காட்டி என் பிக்கப்பை நிறுத்தித்தான் சொல்வார்கள். அடுத்த முறை நாம் நிற்கலாம் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் டானிங்டன் டீக்கடையில் கட்சிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே பேச்சு. "அண்ணி பேர்ல மனுப் போட்டுடுங்கண்ணா. மத்ததை நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

ராத்திரி வீட்டில் சொன்னேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "மன்றத்துல போய்ப் பேசணும்னு எனக்கு ஆசை இருந்தா நானே கேட்டிருப்பேன். என் பேரை எழுதிட்டு நீங்க போய் உக்காரப் போறீங்களா?"

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016ல் சட்டம் திருத்தினார்கள். அவர்கள் போய் உட்காருவதற்காகத்தானே திருத்தினார்கள். அவள் கேட்டது சரிதான். எங்கள் வீட்டிலிருந்து மனு இல்லை.

ஜனவரி 23, ஞாயிறு

ஞாயிறு முழு ஊரடங்கு. இலையும் இல்லை, வண்டியும் இல்லை. வாக்காளர் பட்டியலையும் ஒரு எண்பது பக்க நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பட்டியல் கதவு எண் வரிசையில் அச்சாகிறது. எங்கள் மலையில் வீடுகள் அந்த வரிசையில் இருக்காது. 14ஆம் எண் ரோட்டு மேலே இருக்கும், 15 நூறு படி கீழே, 16 தேயிலைக் காட்டைத் தாண்டி அந்தப் பக்கம். பட்டியலை வைத்துக்கொண்டு நடந்தால் ஒரு நாளைக்குப் பத்து வீடுகூடப் பார்க்க முடியாது. அதனால் நடக்கும் வரிசையில் திருப்பி எழுதுகிறேன். முதலில் மேல் ரோடு, அப்புறம் ஹட்டி என்கிற படுகர் ஊர், அப்புறம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், கடைசியில் ஓடைப் பக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு வரி விடுகிறேன். யார் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், யார் கோவையில் படிக்கிறார்கள், கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயர் இன்னும் இங்கேயே இருக்கிறதா என்று குறித்துக்கொள்ள.

நாலு மணிக்கு லைன் வீட்டு அக்கா முகக்கவசத்தோடு வந்தார். வெளித் திண்ணையில் தள்ளி உட்கார்ந்து, நான் பெயரைப் படிக்கப் படிக்க அவர் சொன்னார். மகளிர் குழுத் தலைவி அவர். குழுக் கடன் தவணைக்காக வாராவாரம் ஏறி இறங்கின வீடுகள் என்பதால் எந்தப் பெயரிலும் தடுமாறவில்லை. ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், அப்பா பெயரும் ஒன்றே. அவர் மட்டும் "கரடி பழம் திங்க வந்த வீடு", "கவ்வாத்துக் கத்தி கால்ல பட்டவர்", "மூணாவது லைன் கடைசி" என்று பிரித்துச் சொல்லிவிட்டார்.

கொரோனாவில் போனவர்கள் பெயர் வந்தபோது கோடு போட்டு அடிக்கப் போனேன். "அடிக்காதே தம்பி, பக்கத்துல ஒரு புள்ளி வை" என்றார். அப்படியே செய்தேன். ஒன்பது புள்ளிகள்.

அக்காவின் அப்பா இலங்கையிலிருந்து வந்தவர். 1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்த குடும்பம். வந்த இடத்தில் ஓட்டு இருக்கிறது என்பதே அந்த மனுஷனுக்குப் பெரிய விஷயமாக இருந்ததாம். தேர்தல் நாளில் வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டுவாராம்.

நோட்டை மூடும்போது கேட்டேன். "அக்கா, நீங்க மனுப் போடுங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கட்சியில என்னைக் கேப்பாங்களா?" என்றார். நான் பேசுகிறேன் என்று சொன்னேன்.

ஜனவரி 26, புதன்

தேதி அறிவித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுத் தாக்கல். 5ஆம் தேதி பரிசீலனை, 7ஆம் தேதி வாபஸ், 19ஆம் தேதி ஓட்டு, 22ஆம் தேதி எண்ணிக்கை. ஒரு மாதம்கூட இல்லை.

இந்த முறை கவுன்சிலருக்கு மட்டும் ஒரே ஓட்டு. பேரூராட்சித் தலைவரை ஜெயித்த கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். 2011ல் தலைவருக்கும் நேரடியாக ஓட்டுப் போட்டவர்கள், "இன்னொரு மிஷின் எங்கே?" என்று கேட்கப் போகிறார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்தேன்: ஒரே ஓட்டு என்று எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டும்.

ஜனவரி 30, ஞாயிறு

கட்சியில் வேட்பாளர் நேர்காணல். எங்கள் வார்டுக்கு மூன்று பேர். அக்கா, ஒரு ஓய்வுபெற்ற டீச்சர், ஒரு காண்ட்ராக்டரின் மனைவி.

வார்டு செயலாளர் என்பதால் உள்ளே உட்கார வைத்தார்கள். அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" பேரூராட்சி வார்டுக்குத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பே 17,000 ரூபாய். அக்கா அதைத்தான் சொன்னார். "பதினேழாயிரம்தானேங்க சட்டம். குழுவில் கேட்டா புரட்டிடுவேன்." மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் சிரித்தார்.

ஈளாடா அணையிலிருந்து வரும் தண்ணீர் மேல் ரோட்டோடு நின்றுபோவது ஏன், மேல்தொட்டி வால்வு எங்கே, லைனுக்குப் போகும் படியில் எந்தெந்த இரண்டு கம்பத்தில் விளக்கு இல்லை, அங்கே கரடி எத்தனை மணிக்கு இறங்குகிறது, இது எதையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பார்.

காண்ட்ராக்டரின் மனைவி வந்தபோது காண்ட்ராக்டரும் கூடவே வந்தார். கேள்விகள் அந்தப் பெண்ணிடம், பதில்கள் அவருடையவை. முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

கடைசியில் என் கருத்தைக் கேட்டார்கள். "அக்காவுக்கு வார்டு முழுக்கத் தெரியும்" என்றேன். "அது சரி, ஜெயிக்கணுமே" என்றார்கள். அந்த இடத்தில் நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, வீடு வீடாகக் கணக்குச் சொல்லி நான் வாதாடியிருக்க வேண்டும். பை மடியில்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 1, செவ்வாய்

கூட்டணிக்கு எங்கள் வார்டு போகிறது என்றார்கள். சாயங்காலம் இல்லை என்றார்கள். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பனியில் கொழுந்து குறைவு, வண்டி பாதிதான் நிரம்புகிறது.

பிப்ரவரி 3, வியாழன்

ராத்திரி பத்தரைக்கு வேட்பாளர் பட்டியல் வந்தது. காண்ட்ராக்டரின் மனைவி.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 4, வெள்ளி

கடைசி நாள். வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி கட்டிய ரசீது, உறுதிமொழி ஆவணம், டெபாசிட் 1,000 ரூபாய், கட்சி வேட்பாளர் என்று காட்டும் ஏ, பி படிவம் எல்லாம் சரிபார்த்து வேட்பாளரோடு போனேன். முன்மொழிபவர் அதே வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். என் கையெழுத்துத்தான். போட்டேன்.

பேரூராட்சி வாசலில் குழுப் பெண்கள் ஆறு பேரோடு அக்கா நின்றார். கையில் வாங்கி நிரப்பிய மனு இருந்தது. சுயேச்சை. எனக்கு நெஞ்சு படபடத்தது, ஆனால் தடுக்க வாய் வரவில்லை. எந்த முகத்தோடு தடுப்பேன்?

அரை மணி நேரம் அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அக்கா மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நம்ம ஓட்டு ரெண்டாப் போனா யாரு வருவாங்கன்னு எனக்குத் தெரியும், அதனால போடலை. ஆனா அன்னைக்கு உள்ளே நீ பேசலைன்னு கேள்விப்பட்டேன் தம்பி."

நிற்கவில்லை, போய்விட்டார்.

பிப்ரவரி 7, திங்கள்

வாபஸ் முடிந்தது. எங்கள் வார்டில் நாலு பேர் போட்டி. சாயங்காலம் நோட்டீஸ் அச்சாகி வந்தது. வேட்பாளர் படத்தைவிடக் கணவர் படம் ஒரு விரல் அகலம் பெரிது. கீழே தொடர்புக்கு என்று போட்ட நம்பரும் அவருடையது.

பிப்ரவரி 9, புதன்

அக்கா வீட்டுக்குப் போனேன். அன்று பேசாதது என் தப்பு என்று சொன்னேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. டீ கொடுத்தார். குடித்து முடித்ததும், "நோட்டைக் கொண்டா" என்றார்.

பிப்ரவரி 10, வியாழன்

ஊர்வலம் கூடாது, வண்டிப் பேரணி கூடாது. கொரோனா கட்டுப்பாட்டினால் கொஞ்சம் பேரோடு வீடு வீடாகப் போவதுதான் பிரச்சாரம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. மைக் போகாத வீட்டுக்கும் ஆள் போனால்தான் உண்டு.

மேல் ரோட்டில் காண்ட்ராக்டர்தான் பேசினார். "நம்ம வீட்டுக்காரம்மா நிக்குது, நான் இருக்கேன்" என்று ஒவ்வொரு வாசலிலும். அந்தப் பெண் கும்பிட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனது. ஹட்டியில் ஒரு தாத்தா முகத்துக்கு நேரே கேட்டார்: "நீ நிக்கிறியா, அவரு நிக்கிறாரா?" பதில் வரவில்லை.

பிப்ரவரி 12, சனி

காண்ட்ராக்டருக்கு மேட்டுப்பாளையத்தில் வேலை. லைன் பக்கம் நாங்கள் மட்டும் போனோம். அக்கா முன்னால், நோட்டு அக்கா கையில்.

முதல் வீட்டு வாசலில் அக்கா விலகி நின்றார். "நீ பேசு கண்ணு." அந்தப் பெண் எச்சில் விழுங்கியது. சின்னத்தையும் பெயரையும் மட்டும் சொன்னது. இரண்டாவது வீட்டில் கொஞ்சம் கூட. மூன்றாவது வீட்டுப் பாட்டி, தண்ணீர் எட்டு நாளாய் வரவில்லை என்று கத்தினார். இந்தப் பெண் பயந்து போய்விடும் என்று நினைத்தேன். அது பாட்டியிடம் கேட்டது: "குழாயைக் காட்டுங்க." போய்ப் பார்த்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை படி ஏறுகிறார்கள் என்று கேட்டது. கேட்டதோடு விடாமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் படியில் இறங்கி ஏறியது. 112 படி. மேலே வந்து மூச்சு வாங்கியபடி அக்காவிடம், "இதை எழுதிக்குங்க அக்கா" என்றது.

அந்தப் பெண்ணும் ஓடைப் பக்கம் பிறந்த பெண்தானாம். இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்த படி அது என்றது. நேர்காணல் அன்று கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டிருந்ததை வைத்து நான் அதைப் பற்றி என்னென்னவோ முடிவு செய்திருந்தேன். தப்பு.

இருபத்தாறு வீடு முடித்தோம். கடைசி ஆறு வீட்டில் அக்கா வாசலுக்கே வரவில்லை, படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 17, வியாழன்

மாலை 6 மணியோடு பிரச்சாரம் முடிந்தது. ராத்திரி எங்கெங்கோ கவர் போகிறது என்று பேச்சு. எங்கள் பக்கமிருந்தும் போகுமா என்று நேரடியாகக் கேட்டேன். "உனக்கு அது வேண்டாத விஷயம்" என்ற பதிலே போதுமானதாக இருந்தது. லைனில் ஒரு கவரும் என் கண் முன்னால் கைமாறக் கூடாது என்று பன்னிரண்டு மணி வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். குளிர் எலும்பில் இறங்கியது.

பிப்ரவரி 19, சனி

விடிவதற்கு முன்பே பூத். அக்காதான் ஏஜென்ட். மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, அழித்து, சீல் வைத்தார்கள். 7 மணிக்கு ஆரம்பம்.

ஓட்டுக்காரர்களை வண்டியில் ஏற்றி வருவது குற்றம். பிக்கப் வீட்டிலேயே நின்றது. தண்ணீருக்குக் கத்திய பாட்டியைப் பேரன்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து 112 படியும் தூக்கி வந்தார்கள். திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து ஏழு பேர் வந்தார்கள். அவர்கள் நம்பருக்கெல்லாம் அக்கா பத்து நாளாகப் போன் செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். நினைத்தபடியே பல பேர் தலைவருக்கான ஓட்டு எங்கே என்று கேட்டார்கள்.

ஐந்து மணிக்கு மேல் கொரோனா நோயாளிகளுக்கான நேரம். கவச உடை போட்ட ஊழியர்கள் காத்திருந்தார்கள். எங்கள் பூத்தில் ஒருத்தர் வந்தார். அவர் போட்டுவிட்டுப் போகும்வரை எல்லோரும் எழுந்து நின்றோம், ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

எங்கள் வார்டு எண்ணி முடிக்கச் சில நிமிஷம்தான் ஆனது. 38 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டோம். மேல் ரோட்டில் பின்தங்கியிருப்போம் என்றுதான் என் கணிப்பு. லைனும் ஓடைப் பக்கமும் தூக்கிவிட்டிருக்கும்.

வெளியே காண்ட்ராக்டர் தோளில் மாலை விழுந்தது. பட்டாசு அவர் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண் கூட்டத்தில் அக்காவைத் தேடிக்கொண்டிருந்தது. அக்கா வரவில்லை. கொழுந்து பறிக்கப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமைதானே, வேலை நாள்.

மார்ச் 2, புதன்

பதவியேற்பு. வெள்ளிக்கிழமை தலைவர் தேர்தல். மன்றத்துக்குள் கவுன்சிலர்கள் மட்டும். கணவர்மார்கள் வெளியே நின்றார்கள்.

முடிந்து இலை எடை போடும் இடத்துக்கு நான் திரும்பியபோது தெரியாத நம்பரிலிருந்து போன். நம்ம கவுன்சிலர்தான்.

"அண்ணா, இது என் நம்பர். புதுசா வாங்கினேன். நோட்டீஸ்ல போட்டது அவரு நம்பர், இனி வார்டு விஷயத்துக்கு அதுல கூப்பிட வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அக்காகிட்ட இருக்கிற நோட்டு எனக்கு வேணும், ஜெராக்ஸ் எடுத்துட்டுக் குடுத்துடறேன். அப்புறம் அந்தப் படியில விளக்கு இல்லாத கம்பம் ரெண்டுன்னு அக்கா சொன்னாங்க. நான் நேத்து ராத்திரி போய்ப் பாத்தேன். மூணு."