மேய்ப்பனுக்கு என்ன சொல்? மகச்சகலா நாட்குறிப்பு

ஏப்ரல் 9, 2023

இன்று ஈஸ்டர். அம்மா வீடியோ காலில் எங்கள் ஊர்ச் சபையின் ஆராதனையைக் காட்டினார். ரஷ்யாவில், தாகெஸ்தான் குடியரசின் தலைநகரான மகச்சகலாவில், ஹாஸ்டல் அறையில் இருந்தபடியே நானும் சேர்ந்து பாடினேன்.

சாயங்காலம் நோன்பு திறந்த பிறகு, எனக்கு ரஷ்ய மொழி சொல்லித்தரும் தோழி சுடச்சுட 'சூது' என்ற பலகாரம் கொண்டுவந்தாள். உள்ளே கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட மெல்லிய ரொட்டி அது. அவள் தார்கின் பெண். பெயரை இங்கே எழுத மாட்டேன். தாகெஸ்தானில் அவார் மக்களுக்கு அடுத்த பெரிய இனம் தார்கின்கள்தான். ரஷ்யா முழுவதும் 6 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். சுன்னி முஸ்லிம்கள், நம் காயல்பட்டினம், கீழக்கரை மக்களைப் போலவே ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). பெருநாளுக்கு அவளுடைய ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 14

ஊர்ச் சபையிலிருந்து ஓர் அண்ணன், "அங்கே ஊழியம் செய்ய வழி இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். உள்ளதைச் சொன்னேன். இங்கே 2016-இல் வந்த சட்டப்படி, உரிய ஆவணம் இல்லாமல் மதம் பரப்பினால் அபராதம். வெளிநாட்டவர் என்றால் நாட்டைவிட்டே அனுப்பிவிடலாம். 2010 ஜூலையில் இதே மகச்சகலாவில் போதகர் ஆர்த்தூர் சுலைமானோவ் தன் சபையிலிருந்து வெளியே வந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். 2018 பிப்ரவரியில் இதே தாகெஸ்தானின் கிஸ்லியார் நகரில், தேவாலய வாசலில் 5 பெண்கள் சுடப்பட்டு உயிரிழந்தார்கள். நோட்டீஸ் கொடுக்கும் ஊழியமெல்லாம் இந்த ஊருக்கு ஆகாது. ஒரு தார்கின் விசுவாசி வெளியே தெரிந்தால் முதலில் தண்டிக்கப்படுவது அவர்தான், நாம் அல்ல. அவருக்காக ஜெபியுங்கள் என்று எழுதினேன்.

ஏப்ரல் 21, பெருநாள்

லெவாஷி வழியாக மலையேறினோம். வழியெல்லாம் முட்டைக்கோஸ் வயல்கள். ஒரு வளைவில் ஒரு பெரியவரின் அடக்கத்தலம்; கொம்புகளில் துணிக்கீற்றுகள் கட்டியிருந்தன. டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஏதோ ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டார். இளைஞர் சிலருக்கு இந்தப் பழக்கம் பிடிப்பதில்லை என்றாள் தோழி. அவள் வீட்டிலேயே இதைப் பற்றி வாக்குவாதம் நடக்குமாம்.

ஊரில் குழந்தைகள் பையோடு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கினார்கள். எந்த வீட்டுக் கதவும் சாத்தியில்லை. எனக்குத் தார்கின் கிங்கால் வைத்தார்கள்: மாவைத் தேய்த்து, எண்ணெயும் வால்நட் பொடியும் பரப்பி, பாய்போலச் சுருட்டி, துண்டு போட்டு ஆவியில் வேகவைத்தது. தொட்டுக்கொள்ளப் பூண்டுச் சாறு, கூடவே காய்ந்த ஆட்டிறைச்சி. தட்டு காலியாகவே விடவில்லை.

தோழியின் பாட்டி, "நீ ரஷ்யர்களின் மதமா?" என்று கேட்டார். அவருக்குக் கிறிஸ்தவம் என்றால் ரஷ்யர், தார்கின் என்றால் முஸ்லிம். இந்த முடிச்சு அவிழாமல் சுவிசேஷத்தைப் பேசினால், "உன் ஜனத்தை விட்டு வா" என்றுதான் அவர்கள் காதில் விழும். எங்கள் ஊரில் பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் இருக்கிறோம், நாங்கள் தமிழர்கள்தான் என்றேன். பாட்டிக்கு ஆச்சரியம். "அப்படியென்றால் உங்கள் பேச்சில் ஏதாவது ஓதிக் காட்டு" என்றார். 23ஆம் சங்கீதத்தைச் சொன்னேன். அதை தாவூது நபியின் பாட்டு என்றதும் சால்வையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தார்.

நான் ரஷ்ய மொழியில் சொல்லச்சொல்ல, தோழி தார்கினில் சொன்னாள். 'மேய்ப்பன்' என்ற இடத்தில் பாட்டி கையைத் தூக்கி நிறுத்தினார். அவள் சொன்னது வேறு சொல்லாம். கூலிக்கு மேய்ப்பவனுக்கும் சொந்த மந்தையோடு போகிறவனுக்கும் அந்த வீட்டில் ஒரே சொல் இல்லை. தாத்தா ஒவ்வொரு குளிர்காலமும் ஆடுகளைச் சமவெளியில் இருக்கும் குத்தான் என்ற குளிர்கால மேய்ச்சல் இடத்துக்கு ஓட்டிப்போய், கோடையில் மலைக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர். பாட்டியே சரியான சொல்லைப் போட்டு, அந்த வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

ஏப்ரல் 29

குபாச்சி. வெள்ளித் தட்டார்களின் ஊர். பத்தாம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அல்-மஸ்ஊதி இந்தப் பகுதியில் முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் வாழ்ந்ததாகக் குறித்திருக்கிறார். இன்று அந்தக் கிறிஸ்தவர்கள் இல்லை. பெண்கள் வெள்ளை முக்காட்டோடு செங்குத்துத் தெருக்களில் ஏறிப்போனார்கள். பட்டறையில் ஒரு பெரியவர் வளையல் ஒன்றை மெழுகில் பதித்து, கூரிய உளியால் கொடி ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

தோழி அவரிடம் தார்கினில் பேசிப்பார்த்தாள். அவருக்குப் புரியவில்லை. அவர் பேசியது இவளுக்குப் புரியவில்லை. இரண்டு தார்கின்களும் ரஷ்ய மொழிக்கு மாறினார்கள்!

எழுத்துத் தார்கின் அக்குஷா வட்டார வழக்கில் அமைந்தது. அதில் வேதத்தின் சில பகுதிகள் வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டறையில் அதை வாசித்தால் யாருக்குப் போய்ச்சேரும்? 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டதால், அம்மா அடுக்களையில் நின்றபடி வேதம் வாசிப்பது எனக்கு இயல்பாகவே தெரிந்துவந்தது. நமக்கு 300 வருடமாகக் கையில் இருப்பது இவர்களுக்கு முழுதாக இன்னும் வரவில்லை. பணம் அனுப்ப முடிந்தவர்கள் மொழிபெயர்ப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் அனுப்புங்கள். ஒலிப்பதிவு முக்கியம், பாட்டி தார்கினில் வாசிப்பதில்லை, கேட்பார்.

ஏப்ரல் 30

தோழி நோட்டோடு வந்தாள். அந்தப் பாட்டைத் தார்கினில் எழுதிப் பார்க்க வேண்டுமாம். நான் கேட்கவில்லை, அவளாகவே கேட்டாள். ரஷ்ய எழுத்துகளுக்கு நடுவே குச்சிபோல ஒற்றைக்கோடு போட்டு எழுதினாள். தொண்டைக்குள் அழுத்தும் ஓசைகளுக்கு அந்தக் கோடு. நான்கு வரி ஓடியது. 'பந்தி' வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. தரையில் விரிப்பதா, மேசையில் வைப்பதா?

போனை எடுத்துப் பாட்டியைக் கூப்பிட்டாள்.